27 சதவிகிதப் பொய்!

அப்பாவுக்கு வலது கண்ணில் புரை. 'வேண்டாஞ் சாமி, பாத்துக்கலாம்' என்று ஆறு மாசம் தள்ளிப் போட்டவரை ஒருவழியாக ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வைத்திருந்தேன். காலை 9 மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். சூலூரிலிருந்து என் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் அப்பாவைப் பின்னால் உட்கார வைத்துக் கிளம்பினேன். மீட்டரில் 27 சதவிகிதம். ராமநாதபுரம் போய்த் திரும்பி வரவே தாராளம்!

சிங்காநல்லூர் சிக்னலுக்கு முன்னால் வண்டி மூச்சை விட்டது. அப்போதும் மீட்டர் 14 என்று சிரித்துக் கொண்டிருந்தது பாருங்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

"ஏங்கண்ணு, இன்னும் பதினாலு இருக்குதுன்னு காட்டுதல்ல?" என்றார் அப்பா, ஒற்றைக் கண்ணால் பார்த்து.

"காட்டுதுங்ப்பா. ஆனா இல்லீங்."

ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் பத்தரை. அன்றைய பட்டியல் முடிந்து விட்டது. அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அப்பா முகத்தில் ஒரு நிம்மதி! மறுபடி சம்மதிக்க வைக்கவேண்டிய என் நிலைமை..?

மறுநாள் கணபதியில் ஒரு மெக்கானிக் தம்பி பேட்டரியைத் திறந்து, பதினாறு செல்லையும் மல்டிமீட்டரில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான்.

"ஏனுங்ணா, ஒரு செல் மட்டும் எறங்கியிருந்தா அது போச்சுன்னு அர்த்தம். இங்க எல்லாமே ஒண்ணா எறங்கியிருக்குது. செல் நல்லாத்தான் இருக்குதுங். கரண்ட் நெசமாவே தீந்துருச்சு. மீட்டருக்குத்தான் அது தெரியல."

எனக்குப் புரிந்தது. நான் ஒரு மில்லில் அக்கவுண்ட்ஸ் பார்ப்பவன். இது கேஷ் புக் சமாசாரம்!

பெட்ரோல் டேங்கில் மிதவை உண்டு. லித்தியம் செல்லுக்குள் எதை மிதக்க விடுவது? அதனால் உள்ளே போன கரண்ட், வெளியே போன கரண்ட் என்று வரவு செலவு எழுதிக் கழிக்கிறது ஒரு சிப். சென்சாரில் 10 மில்லி ஆம்பியர் பிசகினால் போதும். ஒரு நாளைக்கு 0.24 ஆம்பியர்-அவர், மாசத்துக்கு 7.2. என் பேட்டரியே மொத்தம் 30தான்! கால்வாசி கணக்கில் மட்டும் இருக்கும், பெட்டியில் இருக்காது. (எங்கள் பழைய கேஷியர் ஞாபகம் வந்தது.)

வோல்டேஜைப் பார்த்தால் தெரியாதா என்றால், என் வண்டியில் இருப்பது இரும்பு பாஸ்பேட் வகை. 80 சதவிகிதத்திலும் 3.3 வோல்ட்டை ஒட்டி, 30லும் கிட்டத்தட்ட அதேதான். கடைசியில்தான் கிணற்றில் கல் விழுந்த மாதிரி இறங்கும். இந்த வகை பிறந்தது டெக்ஸாஸில், 1990களில், குட்இனஃப்பின் ஆய்வுக்கூடத்தில். அதற்கு வழிபோட்ட ஆராய்ச்சியை அவரோடு செய்தவர் நம்ம தமிழ்நாட்டு ஆறுமுகம் மந்திரம். 2019ல் குட்இனஃப்புக்கு நோபல் கிடைத்தபோது, அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் உரை நிகழ்த்தியவரும் இவரே!

சரி, பிசகுக்கு மூலகாரணம் யார்? அடியேன்தான். '80க்கு மேல சார்ஜ் ஏத்தாதே, பேட்டரி ஆயுசு கூடும்' என்று ஆபீஸ் நண்பன் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, நாலு மாசமாக 80லேயே பிளக்கைப் பிடுங்கி விட்டேன். அவன் வண்டியில் இருப்பது நிக்கல் வகை. அதற்கு அது சரி. என் வகையோ அவ்வப்போது முழுசாக நிரம்பவேண்டும். உச்சியில்தான் வோல்டேஜ் சட்டென்று ஏறும். அதைப் பார்த்துத்தான் சிப் 'இதுதான் 100' என்று கணக்கைப் புதுசாக ஆரம்பிக்கும். நான்தான் நாலு மாசமாகப் பெட்டியை எண்ணவே விடவில்லையே!

தம்பி சொன்னபடி ராத்திரி முழுக்க சார்ஜரிலேயே விட்டேன். மறுநாள் 10 வரை ஓட்டினேன். மறுபடி முழு சார்ஜ். இப்போது வாரம் ஒருமுறை 100.

அடுத்த வாரம் அதே வண்டியில்தான் போனோம். அப்பா ஏறுவதற்கு முன் கேட்டார்:

"ஆட்டோவுக்குக் காசு எடுத்துக்கிட்டியா கண்ணு?"