பில்லுண்ட் ஊரும் பழைய கட்டைகளின் விலையும்

டென்மார்க் தேசத்தின் மேற்குப் பாகம் யூட்லாந்து என்னும் குடாநாடு. குடாநாடு என்றதும் நமக்குப் பனையும் கிடுகு வேலியும் நினைவுக்கு வரும். இதுவோ தாழ்ந்த வானமும், வாற்கோதுமை வயல்களும், காற்றாலைகளும் நிறைந்த சமவெளி. அதன் நடுவே பில்லுண்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. குடிசனம் ஏழாயிரம் அளவினதே. ஆயினும் அந்நாட்டின் இரண்டாவது பெரிய விமான நிலையம் இவ்வூரில்தான் அமைந்துள்ளது. உலகெங்கும் பிள்ளைகளின் கையில் தவழும் லெகோக் கட்டைகள் பிறந்த ஊர் இது என்பதே அதற்குக் காரணம்.

ஓலே கேர்க் கிறிஸ்ரியன்சன் என்னும் தச்சர் 1916 ஆம் ஆண்டில் இவ்வூரில் ஒரு பட்டறையை விலைக்கு வாங்கினார். பொருளாதார மந்தத்தால் வீடு கட்டுவோர் குறைந்தபோது, 1932 இல் மரத்தால் விளையாட்டுப் பொருள்கள் செய்யத் தொடங்கினார். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரு டேனிஷ் சொற்களைச் சுருக்கி லெகோ என்று பெயரிட்டார்.

அவரைப் பற்றி நிறுவனத்தார் இன்றும் சொல்லும் கதை ஒன்றுண்டு. அவருடைய மகன் கொட்ஃப்ரெட், மர வாத்துகளுக்கு மூன்று முறை பூச வேண்டிய வார்னிஷை இரண்டு முறை மட்டும் பூசி அனுப்பிவிட்டுக் காசு மிச்சம் பிடித்ததாகத் தந்தையிடம் பெருமையோடு சொன்னானாம். தந்தை மகிழவில்லை. புகையிரத நிலையத்துக்குப் போய்ப் பெட்டிகளைத் திருப்பிக் கொண்டுவந்து, இரவு முழுவதும் ஆனாலும் தனியே இருந்து மூன்றாம் பூச்சையும் பூசி முடிக்கும்படி கட்டளையிட்டாராம்.

1946 இல் பிளாஸ்ரிக் வார்க்கும் இயந்திரம் ஒன்றை ஓலே கேர்க் வாங்கினார். 1949 இல் முதற் கட்டைகள் வந்தன. மேலே குமிழும் உள்ளே குழாயுமாகக் கட்டைகள் ஒன்றையொன்று இறுகப் பற்றும் முறைக்கு 1958 ஜனவரி 28 ஆந் திகதி காப்புரிமை கோரப்பட்டது. அன்றைய கட்டை இன்றைய கட்டையோடும் பொருந்தும். எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறினை 91 கோடியே 51 இலட்சத்து 3 ஆயிரத்து 765 விதமாக இணைக்கலாம் என்று கணித்திருக்கின்றனர். பழங்கட்டைக்கு விலை குன்றாமைக்குக் காரணம் இதுதான். பிள்ளை வளர்ந்த பின்னும் கட்டை முதுமை அடைவதில்லை.

ஊருக்கு வருவோர் முதலிற் செல்வது 1968 இல் திறந்த லெகோலாந்துப் பூங்காவுக்கு. 2017 இல் திறந்த லெகோ மாளிகையோ, பெருங்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்தாற் போன்ற கட்டடம். அதன் நடுவே அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டைகளால் ஆன மரம் ஒன்று மாடிகளை ஊடறுத்து நிற்கின்றது.

பில்லுண்டிலிருந்து முப்பது கிலோமீற்றர் அளவில் பிராண்டே என்னும் பட்டினம் உண்டு. அங்கே நம்மவர் அபிராமி அம்மனுக்குக் கோயில் அமைத்திருக்கின்றனர். 1983 ஆம் ஆண்டின் பின் அடைக்கலம் தேடி வந்த இலங்கைத் தமிழர் பலர் இப்பகுதியின் சிறு பட்டினங்களில் உழைத்துக் குடும்பத்தை நிலைநிறுத்தியவர்கள். அவர்களுடைய வீடுகளில் குத்துவிளக்கு இருப்பது போலவே லெகோப் பெட்டியும் இருக்கின்றது.

அத்தகைய ஒரு வீட்டில் நான் விருந்தினனாகத் தங்கியிருந்தபோது, விலை பேசும் பொறுப்பு ஒன்று என் தலையில் வந்து விழுந்தது. வீட்டுக்காரர் இளைப்பாறிச் சிறிய வீட்டுக்கு மாறப் போகிறார். மகனுக்கு வேலை கொப்பன்ஹேகனில். அவனுடைய சிறுபராயக் கட்டைகள் நிலவறையில் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. முப்பது ஆண்டு நண்பர் ஒருவர் தம் பிள்ளைகள் இருவருக்கும் அவற்றை வாங்க விரும்பினார்.

"தம்பி, உம்மிடம் நான் காசு வாங்குவதா? எல்லாவற்றையும் கொண்டுபோம்," என்றார் வீட்டுக்காரர்.

"அண்ணை, சும்மா தந்தால் நான் தொடமாட்டேன். விலையைச் சொல்லுங்கோ," என்றார் நண்பர்.

இருவரும் நல்லவர்கள். ஆனால், லெகோ பொன்னினும் மேலான முதலீடு என்று வீட்டுக்கார அம்மையார் எங்கோ படித்திருந்தார். பழைய பிளாஸ்ரிக்குக்கு இவ்வளவா என்ற எண்ணம் நண்பரின் மனைவிக்கு. ஒரு பழைய மோட்டார் வண்டியின் விலையாற் பேச்சு முறிந்துபோன இரு குடும்பங்களை இவர்கள் நன்கு அறிவர். எனவே இருவருக்கும் பொதுவானவன் என்று என்னை இருத்தினார்கள்.

முதலில் பொன் பற்றிய செய்தியை ஆராய்ந்தோம். மொஸ்கோவைச் சேர்ந்த ஆய்வாளர் இருவர், 1987 முதல் 2015 வரையான இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட லெகோத் தொகுதிகளின் விலையை ஆராய்ந்து, ஆண்டுக்குச் சராசரி 11 சதவீதமேனும் ஏறியதாகக் கண்டது மெய்யே. ஆனால் அது திறக்கப்படாத பெட்டிகளின் கணக்கு. பிள்ளை விளையாடிய பெட்டிக்கு அது பொருந்தாது. திறக்காத பெட்டிக்கும் நிச்சயம் இல்லை. 2008 இல் வெளிவந்த 5,922 துண்டுகள் கொண்ட தாஜ்மகால் தொகுதி, விற்பனை நின்றபின் முதல் விலையைப் போலப் பல மடங்கு ஏறியது. 2017 இல் நிறுவனமே அதை மீண்டும் வெளியிட்டதும் அந்த விலை சரிந்தது. நம் வீட்டுக்காரரின் நிலவறையிலும் அந்தப் பழைய தாஜ்மகால் இருந்தது.

பின்னர் எல்லாவற்றையும் மூன்று குவியலாகப் பிரித்தோம். வழிகாட்டிப் புத்தகம் உள்ள தொகுதிகள் முதற் குவியல். சிறு மனித உருவங்கள் இரண்டாவது. உதிரிக் கட்டைகள் மூன்றாவது. நண்பரின் பிள்ளைகள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மேசையில் இருந்து, புத்தகத்தைப் பார்த்துத் தொகுதிகளைக் கட்டினர். குறைந்த துண்டுகளை எழுதிவைத்தனர். வெயில் பட்டு மஞ்சளித்த வெள்ளைக் கட்டைகளையும், வெடித்தவற்றையும், பல் பதிந்தவற்றையும் விலக்கினோம். ஒவ்வொரு குமிழிலும் லெகோ என்ற பெயர் பதிந்திருக்கும். பெயர் இல்லாத போலிகளைப் புறம்பாக வைத்தோம்.

தொகுதிகளுக்குக் கேட்கும் விலையை நாம் பார்க்கவில்லை. விளம்பரத்தில் எவரும் எதையும் கேட்கலாம். பிரிக்லிங்க் என்னும் இணையச் சந்தையில், பழைய தொகுதிகள் உண்மையாக விற்றுத் தீர்ந்த கடந்த ஆறு மாதச் சராசரியையே எடுத்தோம். ஒன்பது தொகுதிக்கு 5,200 குரோனர் வந்தது. குறைந்த துண்டுகளை வாங்க ஆகும் 400 குரோனரைக் கழிக்க 4,800. உருவங்கள் 64, ஒன்று 15 குரோனராக 960. உதிரிக் கட்டைகள் 18 கிலோ. அவ்வூர் விளம்பரங்களை ஒட்டிக் கிலோ நூறாக 1,800. ஆக மொத்தம் 7,560 குரோனர்.

இங்கேதான் விவாதம் எழுந்தது. எட்டுக் குமிழ்க் கட்டை ஒன்று ஏறக்குறைய இரண்டரைக் கிராம். கிலோவுக்கு நானூறு கட்டை. அவற்றை நிறமும் வடிவமும் பார்த்துத் துண்டு துண்டாக விற்றால் இன்னும் பெருந்தொகை வரும் என்றார் அம்மையார். வரும் என்பது சரியே. ஆனால் அந்த மேலதிகப் பணம் கட்டையின் விலையன்று. கழுவித் தெரிந்து, பொதி கட்டி, மாதக்கணக்கிற் காத்திருப்பவனின் கூலி. அக்கூலியை உழைக்காதவர் கேட்பது முறையாகாது. மறுபுறம், வியாபாரி பாதி விலைதான் கொடுப்பான் என்று வாங்குபவர் சொல்வதும் முறையன்று. வியாபாரிக்குக் கடை வாடகையும் நட்டப் பயமும் உண்டு. பிள்ளைக்கு வாங்கும் தகப்பனுக்கு அவை இல்லை.

எனவே சந்தை விலையாகிய 7,560 ஐயும், வியாபாரி கொடுக்கக்கூடிய 3,780 ஐயும் இரு கரையாக வைத்து நடுவே நின்றோம். 5,670 வந்தது. அந்நியருக்கு விற்கும் அலைச்சல் ஒருவருக்கும், கடை இலாபம் மற்றவருக்கும் மிச்சம். மிச்சத்தை இருவரும் சரிபாதியாகப் பகிர்ந்தனர். நண்பர் 5,700 ஆக்கிக் கொடுத்தார். தாஜ்மகாலை என்றாவது விற்க நேர்ந்தால் முதலில் அண்ணைக்கே சொல்வதாகத் தாமாகவே வாக்களித்தார். அம்மையார் கணக்கெழுதிய கடதாசியை ஒருமுறை வாசித்துவிட்டு, தேநீர் ஊற்றினார்.

நட்பில் விலை பேசலாகாது என்பர் நம் பெரியோர். விலை பேசுவதால் நட்புக் கெடுவதில்லை. பேசாமல் மனத்துள் ஆளுக்கொரு விலை வைத்திருப்பதால்தான் கெடுகின்றது. இனாமாகப் பெற்ற பொருள் கண்ணுக்குத் தெரியாத கடன். மலிவாகக் கொடுத்த பொருள் ஆறாத குறை. ஒரே கடதாசியில், இருவரும் பார்க்க, குறையையும் நிறையையும் எழுதிக் கூட்டிய தொகையே நியாய விலை. பில்லுண்ட் தச்சர் மகனிடம் கேட்ட மூன்றாம் பூச்சும், வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் காட்ட வேண்டிய அந்த நேர்மைதானே?