எதிர்த்து வரும் தண்ணீர்

கார் ஓட்டுபவரா நீங்கள்? அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் இரண்டு தூண்களுக்கு நடுவே வண்டியை நுழைக்கும்போது லேசாக வியர்க்கும், இல்லையா? இப்போது மூன்று விஷயங்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒன்று, தரை தானாக நகர்கிறது. இரண்டு, யாரோ பக்கவாட்டிலிருந்து காரைத் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். மூன்று, பிரேக் கிடையாது.

பாய்மரப் படகைத் துறையில் கொண்டுவந்து கட்டுவது என்றால் இதுதான்.

'பாய்மரப் படகு காற்றில்தானே ஓடும், என்ஜின் எதற்கு?' என்று கேட்பீர்கள். கடலில் காற்று போதும். பத்தடி தள்ளினால் பக்கத்துப் படகு என்கிற நெரிசலில், பாயைச் சுருட்டிவிட்டு ஒரு சின்ன டீசல் என்ஜினை நம்பித்தான் உள்ளே வருவார்கள். பாயைச் சுருட்டியதால் காற்று சும்மா விட்டுவிடாது. உயரமான மரம், கம்பிகள், படகின் பக்கம் என்று அகப்பட்டதையெல்லாம் தள்ளும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்கு. முதலில் அடிபட்டு விலகுவது படகின் மூக்கு.

சரி, சுக்கானைத் திருப்பி நேராக்கிவிடலாமே? அங்கேதான் சிக்கல். சுக்கான் என்பது ஒரு பலகை. அதன்மேல் தண்ணீர் ஓடினால்தான் படகு திரும்பும். நின்றுவிட்ட படகில் சுக்கான் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். ஆகவே மெதுவாக வரவேண்டும். ரொம்ப மெதுவாகவும் வரக்கூடாது.

நான் பி.காம். கணக்கு என்றால் உடனே பேனாவை எடுத்துவிடுவேன். சுக்கான் பேச்சைக் கேட்க தண்ணீரில் இரண்டு நாட் வேகம் வேண்டும் என்று வையுங்கள். நீரோட்டமும் இரண்டு நாட். அது பின்னாலிருந்து தள்ளினால் துறையைப் பொறுத்தவரை உங்கள் வேகம் நான்கு நாட், அதாவது மணிக்கு ஏழு கிலோமீட்டருக்கும் மேல். ஐந்து டன் படகு, பிரேக் இல்லாமல்! அதே நீரோட்டம் எதிரே வந்தால்? இரண்டில் இரண்டு போனால் பூஜ்யம். படகு கரையோரம் அசையாமல் நிற்கும். சுக்கானுக்கு வேண்டிய தண்ணீரும் ஓடிக்கொண்டிருக்கும்.

பின்னாலிருந்து தள்ளிவிடும் தண்ணீர்தான் ஆபத்து. எதிர்த்து வருவதுதான் துணை.

இங்கிலாந்தின் தென்கரையில் ஹாம்பிள் என்று ஓர் ஆறு இருக்கிறது. கரை முழுக்கப் படகுத் துறைகள். கடல் அலையேற்றத்தில் நீர் உள்ளே ஏறும். பிறகு கடலுக்கே இறங்கும். ஒரு மாலை அங்கே நின்று வேடிக்கை பார்த்தேன். அறுபது வயதைத் தாண்டிய ஒரு தம்பதி. அந்த அம்மா சுக்கானில், கணவர் கையில் கயிறு. நீர் ஏறிக்கொண்டிருந்தது. கடலிலிருந்து வந்தவர்கள் தங்கள் இடத்தைத் தாண்டிப் போய், திரும்பி, நீரோட்டத்துக்கு முகம் காட்டி வந்தார்கள். மிதவை மேடைக்கு ஆறடி இருக்கும்போது சட்டென்று ஒரு காற்று. மூக்கு விலகியது. கரையில் பியர் கோப்பைகளோடு பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த அம்மா பதறவில்லை. என்ஜினை முடுக்கி, நடு ஆற்றுக்கே போய்விட்டார். இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாவதில் படகின் இடப்பக்கம் மேடையைத் தொட்டது. சற்றே ரிவர்ஸ் கியர். பின்பக்கம் தானாக மேடையோடு ஒட்டிக்கொண்டது. பெரும்பாலான படகுகளில் புரொப்பெல்லர் ரிவர்ஸில் சுற்றும்போது பின்பக்கத்தை இடது பக்கமாக இழுக்கும். அவர் இடப்பக்கமாக வந்ததே அதற்காகத்தான்.

"மூன்று தடவை வந்ததை நாளைக்கு எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஒரு தடவை இடித்திருந்தால் பத்து வருஷம் பேசுவார்கள்" என்றார் சிரித்துக்கொண்டே.

இடித்தால் பெயின்ட்தானே போகும் என்று நினைக்காதீர்கள். படகு மோதப்போகிறது என்றால் மனிதன் காலை நீட்டுவான்; அது இயல்பு. மெதுவாக வருகிறதே என்று தைரியம். ஐந்து டன்னுக்கும் மேடைக்கும் நடுவே மாட்டுகிற எலும்பு என்னாகும்? நடுவே கொடுக்க வேண்டியது காற்றடைத்த ரப்பர் உருளையை, காலை அல்ல.

பெரிய கப்பல், நிறைய ஆட்கள் என்றால் இந்தக் கவலை இல்லையா? 2025 மே 17 இரவு, நியூயார்க்கில் மெக்சிகோ கடற்படையின் பயிற்சிப் பாய்க்கப்பல் குவாவ்டெமோக், என்ஜினை இயக்கித் துறையிலிருந்து கிளம்பியது. கப்பலில் 277 பேர். பாய்மரங்களின்மேல் வீரர்கள் அணிவகுத்து நின்றிருந்தார்கள். முன்னால் போகவேண்டிய கப்பல் பின்னாலேயே போனது. புரூக்ளின் பாலம் பக்கத்திலேயே இருந்தது. சில நிமிடங்களில் மூன்று மரங்களின் மேல்பகுதியும் பாலத்தில் மோதி முறிந்தன. இரண்டு பேர் இறந்துபோனார்கள்.

அந்த இரவில் இல்லாமல் போனது இடம். விலகிப் போய் மறுபடி முயல்வதற்கு வேண்டிய இடம். நல்ல மாலுமி துறைக்குள் நுழையும் முன்பே 'சரிவராவிட்டால் எப்படி வெளியேறுவேன்?' என்று முடிவுசெய்துவிடுகிறார். எதுவரை விலகலாம், எதைத் தாண்டினால் முடியாது என்பதும் அவர் மனதில் இருக்கும்.

எனவே, எங்காவது ஒரு படகு துறையின் பக்கத்தில் வந்துவிட்டு, கட்டாமல் விலகிப் போனால் சிரிக்காதீர்கள். திரும்பி வரும்போது கயிறை வாங்கி உதவுங்கள். ஒரே ஒரு விஷயம். அவர் சொன்ன கட்டையில் கயிறைச் சுற்றுங்கள், போதும். உதவி செய்கிறேன் பேர்வழி என்று பிடித்து இழுத்துவிடாதீர்கள். மூக்கில் கட்டிய கயிறை நீங்கள் இழுத்தால் பின்பக்கம் ஆற்றுக்குள் போய்விடும். பாவம், அவர் நாலாவது தடவை வரவேண்டியிருக்கும்.