எல்லாம் நார்மல்

மார்ச் 3
தைராய்டு, ஈசிஜி, எண்டோஸ்கோப்பி, அலர்ஜிக்கான ஐஜிஇ. டாக்டர் எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, "எல்லாம் நார்மல்மா. டென்ஷனைக் குறைச்சுக்கோங்க" என்று தூக்க மாத்திரை எழுதினார். நேற்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முகம் தீயாய்ச் சிவந்து, நெஞ்சு படபடத்து, மூக்கடைத்து, தலை வலித்துக் கிடந்தேன். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டிருந்தால், முந்தின நாள் வைத்த சூரைமீன் குழம்பு என்று சொல்லியிருப்பேன். அவர் கேட்டது என் கணவரிடம்: "வீட்ல ஏதும் பிரச்சினையா சார்?"

மார்ச் 9
நன்றாகப் புளித்த மாவில் தோசை, தக்காளிச் சட்னி. அரை மணி நேரத்தில் கழுத்தெல்லாம் சிவப்பு. போன வாரம் இதையே சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை. யாரும் நம்பாமல் போவதற்கு இதுவே போதும். அத்தை மட்டும் நம்பினார்கள். "கத்தரிக்காய், கருவாடுன்னு கரப்பான் பண்டமா தின்னா அரிக்காம என்ன செய்யும்?" இரண்டும் எனக்கு ஆகாது என்பது உண்மைதான். ஆனால் அத்தையின் பட்டியலைப் பிடித்துக்கொண்டால் பிறகு ரசம் சோறுதான்.

மார்ச் 17
இன்று வேறொரு டாக்டர். முதல் கேள்வியே, "சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில வருது?" எனக்குக் கண் கலங்கிவிட்டது. அசிங்கம்.

மீன் ஐஸ் இல்லாமல் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதிலுள்ள ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிவிடுமாம். சூரை, அயிலை, சாளை போன்றவற்றில் ஹிஸ்டிடின் அதிகம். ஹிஸ்டமின் உருவான பிறகு கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் போகாது. அளவு மிஞ்சினால் யாருக்கானாலும் விஷம். சிலருக்குக் கொஞ்சமே தாங்காது. குடலில் அதை உடைக்கும் டயமைன் ஆக்சிடேஸ் என்ற என்சைம் அவர்களுக்குப் போதாமல் இருக்கலாம். இது அலர்ஜி இல்லை, அதனால்தான் ஐஜிஇ சுத்தமாக இருக்கிறது. மீன், புளித்த மாவு என்று ஒரு நாளில் சேர்கிற மொத்த அளவுதான் கணக்கு என்பதால், ஒரே தோசை ஒரு நாள் படுத்தும், ஒரு நாள் விட்டுவிடும்.

மகள் வயிற்றிலிருந்தபோது இந்தத் தலைவலி அறவே இல்லை என்றேன். முன்பு ஒருவர் இதற்குச் சிரித்திருக்கிறார். இவர் சிரிக்கவில்லை. கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி அதே என்சைமை ஏராளமாகச் சுரக்கும் என்றார்.

"இதுதான்னு இப்பவே சொல்லமாட்டேன். ரத்தத்தில அந்த என்சைமை அளந்தும் முடிவு சொல்ல முடியாது. சில வாரம் மீன், கருவாடு, புளிச்சது, தக்காளி, கத்தரிக்காய் எல்லாம் நிறுத்துங்க, அப்புறம் ஒண்ணொண்ணா சேர்த்துப் பாருங்க." சந்தேகம் அவருக்கும் இருக்கிறது. ஆனால் எனக்கு வலித்தது என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. முந்தையவர்களிடம் நான் கேட்டதும் இவ்வளவுதான்.

ஏப்ரல் 2
அன்றன்று அரைத்த மாவு, புளிக்காத தயிர். ஊறுகாய் ஜாடி அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. வெளியில் சாப்பாடு இல்லை. தூத்துக்குடியில் இருந்துகொண்டு மீன் வாங்க யோசிப்பதைப் பார்த்து மீன்காரம்மாவுக்குக் கோபம். "காலைல வந்த மீனுக்கா, செவுளைப் பாரு!" செவுள் சிவப்பாகத்தான் இருந்தது. ஹிஸ்டமின் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது என்று அவளிடம் எப்படிச் சொல்ல? தலைவலி மாத்திரை அட்டை பாதிக்கு மேல் மீதியிருக்கிறது.

ஏப்ரல் 20
ஒவ்வொன்றாகச் சேர்க்கிறேன். தக்காளி தேறிவிட்டது. கத்தரிக்காய் தேறவில்லை, அத்தைக்கு ஏக சந்தோஷம். புளித்த தயிருக்கு இன்னொரு வாய்ப்பு தரலாம் என்றிருக்கிறேன். கருவாட்டின் முறை இன்னும் வரவில்லை, அதற்கு அவசரமுமில்லை.