பேசிக்கொண்டே தேட முடியாது

பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த எனக்கு மலை என்றால் குனோங் ஜெராய்தான். உயரம் 1,217 மீட்டர். லயத்து வாசலில் நின்றாலே தெரியும். உச்சியை மேகம் மூடினால், “இன்னிக்கு மரம் வெட்டின மாதிரிதான்” என்பார் அப்பா. வெட்டுப் பட்டை நனைந்துவிட்டால் பால் மங்கில் சேராது. மரத்தோடு வழிந்து போகும். கூலியும் அதோடு போகும். மலையைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஊடகத் துறையில் பட்டம் வாங்கி, ஒரு வானொலியில் ஒப்பந்தம் முடிந்து, அடுத்த வேலை கிடைக்காமல் இருந்த நேரம். 18 முதல் 30 வயது வரையிலான மலேசியர்களுக்கு நியூசிலாந்து வேலை செய்துகொண்டே ஊர் சுற்றும் விசா தருகிறது. ஆறு மாதம் தங்கலாம். விண்ணப்பித்தேன், கிடைத்தது. போய் இறங்கியது ஜூன் மாதம். அங்கே அப்போதுதான் குளிர்காலம் தொடங்கும்.

தென் தீவில் வானாக்கா ஊரைத் தாண்டிய மலையில் ஒரு சின்ன விடுதி. சாலை முடிந்த இடத்திலிருந்து பனியில்தான் ஏறிப் போக வேண்டும். பாத்திரம் கழுவினேன், கழிப்பறை தேய்த்தேன், விறகு சுமந்தேன். வீட்டிலோ “ஹோட்டல் நிர்வாகப் பயிற்சி” என்று சொல்லியிருந்தேன். பால்மரம் வெட்டிப் படிக்க வைத்தவரிடம் கழிப்பறை கழுவுவதை எப்படிச் சொல்வது?

ஓய்வு நாட்களில் விடுதியின் வழிகாட்டி எனக்குப் பனிச்சறுக்குப் பயணம் சொல்லிக் கொடுத்தார். பலகையின் அடியில் ஒரு ரோமப் பட்டையை ஒட்டுவார்கள். அது முன்னோக்கி வழுக்கும், பின்னோக்கிப் பிடித்துக்கொள்ளும். ஒரு காலத்தில் சீல் தோலில் செய்தார்களாம். இப்போது நைலானிலும் ஆட்டு ரோமத்திலும் செய்கிறார்கள். ஏறும்போது குதிகால் விடுபட்டிருக்கும். உச்சிக்குப் போனதும் பட்டையை உரித்துவிட்டு, குதிகாலைப் பூட்டிக்கொண்டு இறங்க வேண்டும். இறங்கியதைவிட நான் விழுந்ததுதான் அதிகம்.

ஆனால் முதல் பாடம் சறுக்குவது அல்ல, புதைந்தவரைத் தேடுவது. மலைக்குப் போகும் ஒவ்வொருவரும் மார்பில் ஒரு சின்னக் கருவியைக் கட்டிக்கொள்கிறார்கள். அது 457 கிலோஹெர்ட்ஸில் இடைவிடாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். அப்பாவின் பழைய டிரான்சிஸ்டரில் மத்திய அலை தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே. பனிச்சரிவில் ஒருவர் புதைந்துவிட்டால், மற்ற எல்லோரும் உடனே ஒலிபரப்பை நிறுத்திவிட்டுக் கேட்கும் நிலைக்கு மாற வேண்டும். முதல் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் கடந்தால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை.

பயிற்சிக்காக ஒரு பையைப் பனியில் புதைத்தார்கள். ஓடினேன், தேடினேன். மற்றவர்களின் கருவிகள் எல்லாம் என் பக்கமே அம்புக்குறி காட்டின. என்னுடையதை மாற்ற மறந்திருந்தேன். வழிகாட்டி சொன்னார்: “நீ இன்னும் பேசிக்கொண்டே இருக்கிறாய். அதை நிறுத்து. பிறகு தேடு.”

மறுநாள் காலை, பசியாறிய பாத்திரங்களைக் கழுவி முடித்து, சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஏறி வழக்கம்போல அப்பாவுக்கு அழைத்தேன். அங்கே ஒன்பது மணி; நான்கு மணி நேரம் பின்னால் இருக்கும் கெடாவில் விடியற்காலை ஐந்து. அவர் பெரட்டுக்குக் கிளம்பும் நேரம். எப்போதும் பனியைப் பற்றியே மூச்சுவிடாமல் பேசிவிட்டு வைத்துவிடுவேன். அன்று “எப்படி இருக்கீங்கப்பா?” என்று கேட்டுவிட்டு, வேறு எதுவும் சொல்லாமல் இருந்தேன்.

வெகு நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னார்: “கால்ல ஒரு புண்ணுமா. பூட்ஸுக்குள்ள கல்லு இருந்துருக்கு, தெரியல. மூணு வாரமா வேலைக்குப் போகல.”

அவருக்கு இனிப்பு நீர் உண்டு. நாள்பட்டால் காலில் நரம்பு மரத்துப்போகும். காயம் பட்டாலும் வலிக்காது. வலிக்காததால்தான் இத்தனை நாள் சும்மா இருந்திருக்கிறார். உடனே சுங்கைப் பட்டாணியில் இருக்கும் அண்ணனை அழைத்தேன். அன்று மதியமே மருத்துவமனையில் சேர்த்தார்கள். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியிருந்தது. பாதம் தப்பியது.

எட்டு நாளில் ஊர் திரும்பினேன். கட்டிலோரம் உட்கார்ந்து, பாத்திரம், கழிப்பறை, விறகு எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா கேட்டது ஒன்றுதான்: “அந்தக் குளிர்ல கைக்கு உறை குடுத்தாங்களா?”

பிறகு அண்ணி ஒன்று சொன்னார். வேலைக்குப் போகாத அந்த மூன்று வாரமும் அப்பா நாலரை மணிக்கே எழுந்து, விளக்குப் போட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். தூங்குகிற குரல் கேட்டால் எனக்குச் சந்தேகம் வந்துவிடுமாம்.

இன்று காலை நிகழ்ச்சியில் நான் நாலு மணி நேரம் பேசுகிறேன். முடிந்ததும் காரில் உட்கார்ந்து அப்பாவை அழைப்பேன். “சாப்டியாமா?” என்பார். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். சில நாள் அவர் பேச நேரமாகும்.