கூண்டும் கால அட்டவணையும்

அன்பு காட்ட வேண்டுமென்ற விருப்பம் எல்லார்க்கும் உண்டு. அதற்குரிய நேரம் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளியை மனிதர் பெரும்பாலும் பொருள்களைக் கொண்டு நிரப்பிவிடுகின்றனர். குழந்தைக்குப் பொம்மை, மனைவிக்குப் புடைவை, முதியவருக்குத் தொலைக்காட்சிப் பெட்டி என வாங்கித் தந்து மன அமைதி பெறுகின்றனர். பொருள்களால் தீங்கொன்றும் இல்லை. அவை எத்தனை நாளாயினும் காத்திருக்கும். ஆனால், அவ்வாறு வாங்கப்படுவது உயிருள்ள பறவையாயின் நிலைமை வேறு. பறவைக்குக் காத்திருக்க இயலாது.

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரில், கொம்தார் கோபுரத்தை அடுத்த சந்திப்பில் தொடங்கி மேற்கே ஆயர் ஈத்தாமை நோக்கிச் செல்வது டத்தோ கிராமாட் சாலை. கடைவீடுகளும் அடுக்குமாடி வீடுகளும் அதன் இருமருங்கிலும் நெருங்கி நிற்கின்றன. விளையாட்டரங்கும் பழைய சிறைச்சாலையும் அந்த வட்டாரத்திலேயே உள்ளன. வெள்ளீயம் உருக்கும் பேராலை ஒன்றும் முன்னாளில் இச்சாலையில் இயங்கியது. சுரங்கங்களிலிருந்து வந்த தாது அங்கே உருகிக் கட்டிகளாகிக் கப்பலேறியது. அவ்வாலை இன்று இல்லை. அதில் உழைத்து முதுமையுற்றவர்கள் மட்டும் ஆங்காங்கே எஞ்சியிருக்கின்றனர்.

அத்தகைய முதியவர் ஒருவர், அவ்வட்டாரத்து அடுக்குமாடி வீடொன்றில் தம் மகனோடு வாழ்ந்து வருகிறார். மகன் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். மருமகள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிபவர். பேத்தி நான்காம் ஆண்டு மாணவி. காலை ஆறரை மணிக்குக் கதவு சாத்தப்பட்டால், பிற்பகல் மூன்று மணி வரை முதியவர்க்குத் துணை சுவர்களே. மனைவி மறைந்தபின் அவர் பேச்சும் குறைந்துவிட்டது.

தந்தைக்குத் துணையாக ஒரு பறவை வாங்கலாம் என்னும் எண்ணம் ஆசிரியர்க்குத் தோன்றியது. அதற்குக் காரணமும் இருந்தது. அவருடைய இளமைக்கால வீட்டின் பரண்மேல் மூங்கிற்கூண்டு ஒன்று கிடந்தது. அப்பா முன்பு மெர்போக் வளர்த்தார் என்று அம்மா ஒருமுறை கூறியதுண்டு. அவ்வெறுங்கூண்டை வைத்து, தந்தை பறவைகள்மீது பற்று மிக்கவர் என்று மகன் முடிவு செய்திருந்தார்.

பினாங்கில் பறவை வளர்ப்பது புதுமையன்று. மலாய்க்காரர் மெர்போக் என்றழைக்கும் சிறிய வரிப்புறாவின் குரலுக்கென்றே மலேசியாவிலும் தென் தாய்லாந்திலும் போட்டிகள் நடைபெறுகின்றன. உயர்ந்த கம்பங்களின் உச்சியில் கூண்டுகள் ஏற்றப்படும். கீழே நடுவர்கள் செவி சாய்த்து நிற்பர். சீன முதியவர்கள் வெள்ளைக்கண்ணிக் குருவிகளைக் கூண்டோடு காப்பிக்கடைக்கு எடுத்துச் சென்று மாட்டிவைத்து, அவை பாடக் கேட்டவாறு காலைப்பொழுதைக் கழிப்பதுண்டு. இவர்களைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இவர்கள் பறவைக்கு நேரம் ஒதுக்கியவர்கள் அல்லர். பறவையைச் சுற்றியே தங்கள் நேரத்தை அமைத்துக்கொண்டவர்கள்.

தமிழர்க்கும் கிளிக்கும் உள்ள உறவு பழைமையானது. மதுரையில் மீனாட்சியம்மையின் கையில் கிளி உண்டு; அக்கோயிலில் கிளிக்கூட்டு மண்டபம் என்றே ஒரு மண்டபம் உண்டு. திருவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கையிலுள்ள கிளியோ உயிருள்ளதன்று. மரவள்ளி இலையால் உடலும் மாதுளம்பூவால் மூக்கும் அமைத்து அதனை நாள்தோறும் புதிதாகச் செய்கின்றனர். இலையால் ஆன கிளியே ஒவ்வொரு நாளும் சிலமணி நேர உழைப்பை வேண்டுமாயின், உயிருள்ள கிளி எவ்வளவு வேண்டும்!

முதலில் ஆசிரியரின் மனம் பெரிய கிளியை நாடியது. ஆப்பிரிக்கச் சாம்பல்நிறக் கிளி நன்றாகப் பேசும் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். அவ்வினத்தில் புகழ்பெற்றது அலெக்ஸ் என்னும் கிளி. அமெரிக்க அறிஞர் ஐரீன் பெப்பர்பெர்க் 1977ஆம் ஆண்டில் அதனை ஒரு கடையில் வாங்கினார். நிறத்தையும் வடிவத்தையும் எண்ணிக்கையையும் சொல்லால் வேறுபடுத்திக் காட்டிய அக்கிளி 2007ஆம் ஆண்டில் இறந்தது. அதன் திறமையைப் பலரும் வியந்தனர். அத்திறமைக்குப் பின்னால், முப்பதாண்டுகள் நாள்தோறும் அதனோடு மனிதர் செலவிட்ட நேரம் இருந்ததை எண்ணியவர் சிலரே. அத்துணை அறிவுள்ள உயிரைத் தனியே அடைத்துவைத்தால், அது தன் இறகுகளைத் தானே பிடுங்கிக்கொள்ளும் நிலைக்கும் ஆளாகும். மேலும், அவ்வினக் கிளிகள் நாற்பது, ஐம்பது ஆண்டுகள்கூட வாழக்கூடியவை. எண்பதை நெருங்கும் முதியவர்க்குத் துணையாக வருவது, அவர்க்குப்பின் யாருக்குத் துணையாகும்?

அவ்வெண்ணத்தைக் கைவிட்ட ஆசிரியர், பாட்டுக்குப் பெயர்பெற்ற சோலைப்பாடியை நினைத்தார். மலாய் மொழியில் அது முராய் பத்து. பாதுகாக்கப்பட்ட இனமாதலால், 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதனை வளர்க்க உரிமம் வேண்டும். கூண்டுப் பறவை வாணிகம் காட்டை எவ்வாறு வறுமையாக்கும் என்பதற்கு பாராவ்-பாராவ் என்னும் இன்குரற் பறவை சான்று. பாட்டுக்காகவே வேட்டையாடப்பட்ட அது, மிக அருகிவிட்ட இனமென 2018ஆம் ஆண்டில் அனைத்துலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டு வீடுகளில் முன்பு சாதாரணமாகக் காணப்பட்ட பச்சைக்கிளியையும், இந்தியாவின் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இன்று கூண்டில் வைத்திருத்தல் ஆகாது.

இறுதியில் எஞ்சியது, தமிழர் வீடுகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்றே பெயர் பெற்றுவிட்ட ஆஸ்திரேலியச் சிறுகிளி. கூண்டிலேயே பிறந்து வளரும் இனம், விலை குறைவு, உரிமச் சிக்கல் இல்லை. ஆயினும் அதன் தேவைகள் சிலவல்ல. கூட்டமாக வாழும் இயல்புடையதாதலால் ஒன்றைத் தனியே வளர்த்தால், அதற்குக் கூட்டமாக மனிதரே இருத்தல் வேண்டும். நீர் நாள்தோறும் மாற்றப்பட வேண்டும். தினை மட்டும் போதாது, கீரையும் வேண்டும். கூண்டின் அடித்தட்டு தூய்மை செய்யப்பட வேண்டும். இரவில் பத்து மணி நேரத்திற்குக் குறையாத இருளும் அமைதியும் வேண்டும். ஒட்டாத பூச்சுடைய சட்டி அடுப்பில் அளவுமீறிச் சூடேறினால், அதிலிருந்து எழும் ஆவியே பறவையைக் கொன்றுவிடக்கூடும். எல்லாவற்றினும் மேலாக, பறவை தன் நோயை மறைக்கும். காட்டில் தளர்ந்து தோன்றும் பறவையே முதலில் இரையாகும் என்பதால் அமைந்த இயல்பு அது. ஆகவே, நாள்தோறும் உற்றுப் பார்ப்பவர்க்கே அதன் நோய் தென்படும்.

ஆசிரியர் ஒரு தாளை எடுத்துக் கால அட்டவணை வரைந்தார். அத்தொழிலில் அவர் வல்லவர். விடியற்காலை ஐந்தரை முதல் இரவு பதினொன்று வரை கட்டங்கள் எழுந்தன. பள்ளி, புறப்பாடம், மகளின் வீட்டுப்பாடம், திருத்தவேண்டிய ஏடுகள், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் என ஒவ்வொன்றும் தன் இடத்தில் அமர்ந்தது. பறவைக்கென ஒரு கட்டம் தேடித் தேடி, இரவு எட்டரை மணியளவில் இருபது நிமிடம் கண்டுபிடித்தார். அதைப் பச்சை மையால் எழுதிவிட்டு உறங்கச் சென்றார்.

மறுநாள் மாலை அத்தாள் உணவு மேசையில் விரித்தபடி கிடந்தது. தந்தை கண்ணாடியை அணிந்து அதனை நெடுநேரம் படித்திருந்தார்.

“கிளிக்கு இருபது நிமிஷம் போட்டிருக்கியே, தம்பி. அத எங்கேருந்து எடுத்த?” என்று கேட்டார்.

குறை கூறும் குரலன்று அது. கணக்குக் கேட்கும் குரல். ஆசிரியரால் விடை கூற இயலவில்லை. இரவு எட்டரை மணி என்பது, தந்தையும் மகனும் ஒன்றாக அமர்ந்து தொலைக்காட்சியில் செய்தி பார்க்கும் நேரம். நாள் முழுவதிலும் தந்தைக்கென இருந்தது அந்த இருபது நிமிடமே. தந்தைக்காக வாங்கவிருந்த பறவை, தந்தையின் கட்டத்திலேயே வந்து அமர்ந்திருந்தது.

பரணிலிருந்த கூண்டைப் பற்றி முதியவர் அன்றுதான் வாய் திறந்தார். ஆலையின் உலைகள் இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்த காலம். மனைவி பேறுகாலத்திற்காகத் தாய்வீடு சென்றிருந்தார். உடன் வேலை செய்தவர் நோயுற்றமையால் இவர் தொடர்ந்து இரண்டு வேளை வேலையும் பார்க்க நேர்ந்தது. மூன்றாம் நாள் வீட்டிற்கு வந்து பார்த்தபோது நீர்க்கிண்ணம் வறண்டிருந்தது. பறவை கூண்டின் அடியில் கிடந்தது.

“அது நாய் மாதிரி கத்திக் கேக்காது, தம்பி. தாகமா இருந்தாலும் எப்பவும்போலக் கூவத்தான் செய்யும். கேக்கத்தான் ஆளில்ல. நீ பொறந்த வாரம் அது. அதனால யார்கிட்டயும் சொல்லல.”

பற்றின் சின்னம் என்று மகன் எண்ணியிருந்த கூண்டு, தந்தைக்கு வேறொன்றின் சின்னமாக இருந்தது. அதன்பின் அவர் எந்தப் பறவையையும் வளர்க்கவில்லை.

தாகூர் 1918ஆம் ஆண்டில் கிளியின் கதை ஒன்றை எழுதினார். அரசன் ஆணையால் ஒரு கிளிக்குக் கல்வி புகட்டப்படுகிறது. பொற்கூண்டு செய்யப்படுகிறது, நூல்கள் குவிகின்றன, மேற்பார்வையாளர் பெருகுகின்றனர். அனைவரும் ஓயாது பணியாற்றுகின்றனர், கிளி இறந்துபோகிறது. கல்வி முறையை நோக்கி எழுதப்பட்ட அக்கதையை ஆசிரியர்கள் அறிவர். கூண்டைச் சுற்றி எத்தனை முயற்சி நடந்தாலும், கூண்டினுள் நோக்குவார் இல்லையெனில் பயனில்லை என்பதும் அதிலுள்ள பாடமே.

அவ்வாறாயின், வேலை மிகுந்தவர் பறவை வளர்க்கவே கூடாதா? அவ்வாறு தடை விதித்தல் பொருந்தாது. பகலில் வீட்டில் ஒருவரேனும் இருந்து, அவரும் மனமுவந்து அப்பொறுப்பை ஏற்பாராயின் வளர்க்கலாம். ஒன்றுக்கு இரண்டாக வாங்கி, பறந்து திரிய இடமளித்து, தீபாவளிக்கு ஊருக்குப் போகையில் பார்த்துக்கொள்ள அண்டைவீட்டாரை அமர்த்திக்கொள்ளக்கூடியவர் வளர்க்கலாம். மாலை நேரத்தை ஏற்கெனவே வீட்டிற்கெனக் காத்துவைத்திருப்பவர் வளர்க்கலாம். பள்ளி விடுமுறையில் ஓய்வு கிடைத்தது என்பதற்காக வாங்குவோர் மட்டும் சற்றே நிதானிக்க வேண்டும். விடுமுறை முடிந்தது என்பதைப் பறவை அறியாது. ‘எனக்கு ஆசை உள்ளதா?’ என்பது முதல் வினா அன்று. ‘இந்த நேரத்தை யாரிடமிருந்து எடுக்கப்போகிறேன்?’ என்பதே முதல் வினா.

ஆசிரியர் பறவை வாங்கவில்லை. அட்டவணையை மட்டும் திருத்தி எழுதினார். புறப்பாட வகுப்புகளில் ஒன்றைக் குறைத்தார். வருவாயும் சிறிது குறைந்தது. மாலை ஏழு மணியளவில் இருவரும் நடைவழியில் நாற்காலியிட்டு அமர்கின்றனர். அந்நேரத்தில் சாலையோர மரங்களில் மைனாக்கள் அடையும். ஆரவாரம் பெரிது, வண்டிகளின் இரைச்சலையும் மீறி அது மேலே எழும். முதியவர் பெரும்பாலும் பேசுவதில்லை. என்றேனும் ஒருநாள், சுற்றிலுள்ள ஏதோ ஒரு கூரையிலிருந்து மெர்போக் ஒன்று கூவும். அப்போது அவர் தலையைச் சற்றே திருப்பிக் கேட்கிறார். மகனும் உடனிருந்து கேட்கிறார்.