உற்ற நூல்

சென்னைக்குத் தென்மேற்கே, பல்லாவரத்தினின்றும் தாம்பரத்தினின்றும் எளிதிற் சென்றடையத்தக்க தொலைவில் உள்ளது குன்றத்தூர். ஊருக்குப் பெயர் தந்த குன்றின்மேல் முருகன் கோயில் கொண்டுள்ளான். மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி கடல்போற் பரந்து கிடக்கின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பெருமான் பிறந்த ஊரும் இதுவே. இங்குத் தமிழாசிரியனாய் நெடுங்காலம் வாழும் பேறு எனக்கு வாய்த்தது.

சேக்கிழார் சோழ மன்னன் அநபாயனிடம் அமைச்சராய் இருந்தவர். மன்னன் சீவகசிந்தாமணியின் கதைச்சுவையில் ஈடுபட்டிருந்தான் என்றும், அது கண்ட சேக்கிழார் சிவனடியார்களின் வரலாற்றைக் கேட்குமாறு அவனுக்கு எடுத்துரைத்தார் என்றும் சேக்கிழார் புராணம் கூறும். சுந்தரர் பாடிய திருத்தொண்டத்தொகையையும், நம்பியாண்டார் நம்பி பாடிய திருவந்தாதியையும் அவர் விளக்கக் கேட்ட மன்னன், அவ்வரலாற்றை விரிவாகப் பாடித் தருக என்று வேண்டினானாம். அவ்வேண்டுகோளின் பயனாய்ப் பெரியபுராணம் தோன்றிற்று. ஒருவர்க்கு ஏற்ற நூலை மற்றொருவர் எடுத்துக்காட்டுதல் எத்துணைப் பெரிய பணி என்பதற்கு எம்மூரார் இவ்வரலாற்றையே சான்றாகக் காட்டுவர்.

அப்பணி எத்துணை அரியது என்பதை யான் அறிந்ததோ என் பிழையினால்.

ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன், பள்ளி விட்டதும் எம்மூர்க் கிளை நூலகத்திற்குச் செல்வதை வழக்கமாகக் கொண்டிருந்தேன். என்ன நூல் படிக்கலாம் என்று மாணவர் சிலர் என்னை வந்து கேட்பர். ஒருநாள் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்து நின்றான்.

“ஐயா, ஏரி நிரம்பினால் மதகை எப்படித் திறப்பார்கள்? திறந்த நீர் எங்கே போகும்? அதைச் சொல்லும் புத்தகம் இங்கே இருக்கின்றதா?” என்று கேட்டான்.

“சேக்கிழார் பிறந்த ஊரில் இருந்துகொண்டு மதகையும் மண்ணையும் பற்றியா படிப்பது? முதலில் இதைப் படி” என்று சொல்லிப் பெரியபுராண உரைநடை நூல் ஒன்றை அவன் கையில் திணித்தேன்.

இரு வாரம் கழித்து அவன் அதனைத் திருப்பிக் கொணர்ந்தான். “படித்தாயா?” என்றேன். “படித்தேன், ஐயா” என்றான் தலை கவிழ்ந்து. “கண்ணப்பர் வரலாற்றைச் சொல், பார்ப்போம்” என்றேன். அவன் வாய் திறக்கவில்லை. அங்கிருந்தோர் அனைவரும் கேட்க அவனைக் கடிந்துகொண்டேன். மறுநாள் முதல் நூலகத்தில் அவனைக் காணவில்லை.

இரண்டு திங்கள் சென்றன. ஒருநாள் நூலகர் என்னிடம் மெல்லிய குரலில், “ஐயா, அந்தப் பிள்ளை நீங்கள் வாராத ஞாயிற்றுக்கிழமைகளில் வருகின்றான். நீர்ப்பாசனம் பற்றிய சிறு நூல் ஒன்றைக் கொடுத்தேன். இரண்டே நாளில் முடித்துவிட்டான். இப்போது கல்லணையைப் பற்றிப் படிக்கின்றான்” என்றார். அவர் சொல்லில் கடுமை சிறிதும் இல்லை. ஆயினும் என் நெஞ்சு சுட்டது. பல்லாண்டு தமிழ் கற்ற யான், ஒரு சிறுவனை நூலகத்தினின்றும் விரட்டியிருந்தேன். அவர் அவனை மீட்டுக் கொணர்ந்திருந்தார்.

அந்நூலகர் செய்தது தற்செயலான செயலன்று. அவர் கற்ற கலையின் முறை அது. அம்முறையை வகுத்தவர் சீர்காழி இரா. அரங்கநாதன். 1892ஆம் ஆண்டு பிறந்து, கணிதப் பேராசிரியராய் விளங்கி, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர் அவர். 1931இல் நூலக இயலுக்கு ஐந்து விதிகளை வகுத்து வெளியிட்டார். நூல்கள் பூட்டி வைத்தற்கு உரியன அல்ல, பயன்படுத்தற்கே உரியன என்பது முதல் விதி. படிப்பவர் ஒவ்வொருவர்க்கும் உரிய நூல் கிடைத்தல் வேண்டும் என்பது இரண்டாவது. நூல் ஒவ்வொன்றுக்கும் உரியவர் கிடைத்தல் வேண்டும் என்பது மூன்றாவது. படிப்போரின் நேரம் வீணாகாமற் காத்தலும், நூலகம் உயிருள்ள பொருள்போல் வளர்ந்துகொண்டே இருத்தலும் ஏனைய இரண்டு. யான் அன்று மூன்றாம் விதியை மட்டும் எண்ணினேன். என் நூலுக்கு ஆள் தேடினேன். நூலகரோ இரண்டாம் விதியை எண்ணி, அவனுக்கு நூல் தேடினார்.

உரியவர்க்கு உரிய நூலைச் சேர்த்தல் வேண்டும் என்னும் இவ்வெண்ணமே நம் நாட்டு நூலக வளர்ச்சிக்கு உயிராய் அமைந்தது. 1896இல் சென்னை எழும்பூரில் கன்னிமாரா நூலகம் திறக்கப்பட்டது. ஆயினும், நகருக்கு வர இயலாத சிற்றூர் மக்கள் என் செய்வர்? 1931இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்னும் பெருந்தகையார் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். படிப்பவர் இருக்கும் இடத்தை நூலகமே தேடிச் சென்றது. பின்னர், 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. விடுதலை பெற்ற இந்தியாவில் தோன்றிய முதல் நூலகச் சட்டம் அதுவே. ஊர்தோறும் நூலகம் அமைதற்கும், அதன்பொருட்டு வீட்டு வரியோடு நூலக வரி பெறுதற்கும் அச்சட்டம் வழி செய்தது.

2010ஆம் ஆண்டு கோட்டூர்புரத்தில் எழுந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் கண்பார்வை அற்றோர் விரலாற் படிக்கும் பிரெயில் நூற்பகுதி உண்டு. குழந்தைகட்குத் தனிப்பகுதி உண்டு. தம் சொந்த நூல்களைக் கொண்டுவந்து அமைதியாய்ப் படிப்போர்க்கும் இடம் உண்டு. எம்மூர்க் கிளை நூலகம் அத்துணைப் பெரியதன்று. எனினும், காலையில் செய்தித்தாள் படிக்க முதியோர் வருகின்றனர். அரசுத் தேர்வுகட்குப் படிக்கும் இளைஞர் மாலை வரை அமர்ந்திருக்கின்றனர். இவர்கள் எல்லாரும் வெவ்வேறு வேட்கையோடு வருபவர். அவ்வேட்கையை அறிந்து உதவுதலே நூலகத்தின் தொண்டு.

ஓய்வு பெற்றபின் ஒருநாள், பெரியபுராணத்தை மீண்டும் முறையாக ஓதிவருகையில், திருக்குறிப்புத்தொண்டர் புராணத்தை அடைந்தேன். அங்கே சேக்கிழார் தொண்டைநாட்டு வளத்தை விரித்துப் பாடுகின்றார். வேனிற்காலத்தில் பாலாறு மணல்மேடாய்க் கிடக்கின்றது. உழவர் அம்மணலைக் கையால் வருடுகின்றனர். குழந்தையின் கை பட்டதும் பால் சுரக்கும் தாயைப்போல ஆறு நீரைச் சுரக்கின்றது. அந்நீர் கால்வழியே ஏறிப் பாய்கின்றது. பல முறை யான் பாடம் சொன்ன பகுதிதான் அது. அன்றோ, அதனை மேலும் படிக்க இயலாமல் ஏட்டை மூடிவிட்டேன். நீர் எங்கே போகும் என்று கேட்ட அச்சிறுவன் என் கண்முன் நின்றான். அவன் விரும்பிய பொருள் என் நூலிலேயே இருந்தது. அவன் கேள்வியைச் செவிமடுத்திருப்பின், அப்பக்கத்தைத் திறந்து காட்டியிருப்பேன். அவன் இப்போது வேற்றூரில் வாழ்கின்றான். அப்பக்கத்தை அவனுக்குக் காட்டும் வாய்ப்பு எனக்கு இன்றுவரை கிட்டவில்லை.

சேக்கிழாரின் செயலை இப்போது எண்ணிப் பார்க்கின்றேன். மன்னனுக்குக் கதை கேட்கும் வேட்கை இருந்தது. அவ்வேட்கையை அவர் அணைக்கவில்லை. அதற்கே விருந்து படைத்தார். அவர் பிறந்த ஊரில் வாழ்ந்தும் அதனை யான் காலங்கடந்தே கற்றேன். இந்நாளில் நூலகத்திற் சிறுவர் எவரேனும் என்னிடம் வந்தால், “உனக்கு எதனை அறிய ஆசை?” என்று முதலிற் கேட்கின்றேன். விடை வரும்வரை அலமாரியின் பக்கம் திரும்புவதில்லை.

மாணவர்களே, உங்கள் ஊர் நூலகம் உங்கள் பெற்றோர் செலுத்தும் வரியால் நடப்பது. அது உங்களுக்கு உரியது. அங்கே உறுப்பினர் ஆகுங்கள். உங்கள் உள்ளத்தில் எழும் கேள்வி சிறிதாயினும் நாணாது நூலகரிடம் சொல்லுங்கள். ஒருவர் கொடுத்த நூல் உங்களுக்குச் சுவைக்கவில்லையாயின், அதனைப் பணிவோடு திருப்பிக் கொடுத்து, வேறொன்று கேளுங்கள். உங்களுக்கு உற்ற நூல் எங்கோ ஓர் அலமாரியில் உங்களை எதிர்நோக்கிக் காத்திருக்கின்றது. அதனைக் கண்டபின், நீங்கள் பிறர்க்கு நூல் காட்டும் காலமும் வரும். அப்போது முதலில் அவர் கேள்வியைக் கேளுங்கள்.