கடுக்காய், ஓர்த்தா, இன்னும் சில

பேரணாம்பட்டு. பழைய தோல் ஷாப்பு, தோல் பதனிடும் இடம். மூலையில் சாக்கு மூட்டை, உள்ளே கடுக்காய். வரி வரியாய்க் காய்ந்து கல் மாதிரி. துணுக்கு கடித்தால் வாய் முழுக்கச் சுருங்குகிறது.

தோலுக்கும் இதே கதிதான்.

ஆவாரம்பட்டையில் ஊறிய தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துபோகும். கடுக்காய் கொடுத்தால் சிவக்காது. யார் முதலில் கண்டது? பேர் இல்லை.

1563. கோவாவில் ஒரு புத்தகம் அச்சாகிறது. மிளகு, இஞ்சி, மாம்பழம், கஞ்சா, காலரா. கடுக்காய்க்கும் ஓர் அத்தியாயம்.

எழுதியவர் கார்சியா த ஓர்த்தா. வைத்தியர். லிஸ்பன் பல்கலைக்கழகத்தில் வாத்தியாராக இருந்தவர். 1534இல் இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

கடுக்காயில் ஐந்து வகை சொல்கிறார். தான்றி, நெல்லி இரண்டும் அதற்குள் வந்துவிடுகின்றன. நம் திரிபலா முழுசாக.

புத்தகத்தில் அச்சுப்பிழை ஏராளம்.

புத்தகம் முழுக்க இரண்டு வைத்தியர்களின் பேச்சு. ஒருவர் அவரே. இன்னொருவர் ருவானோ, கற்பனை ஆள். கேள்வி கேட்க ஓர் ஆள் வேண்டுமே.

நடுவில் அந்தோனியா. அடிமைப்பெண். கூப்பிட்டால் காயும் கிளையும் எடுத்து வருவாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஸ்பெயினில் இருந்தால் பழைய கிரேக்க வைத்தியர் கேலனுக்கு எதிராக வாய் திறந்திருக்க மாட்டாராம். அவரே சொல்கிறார்.

அகமதுநகர் புர்ஹான் நிசாம் ஷாவுக்கு வைத்தியம் பார்த்தார். பம்பாய்த் தீவு இவருக்குக் குத்தகை. தீவே!

மறுபடி நம் பக்கம். வேலூரிலிருந்து ஆம்பூர் பஸ்ஸில் போனால் ஜன்னல் வழியே தோல் வாடை வரும்.

ஆவாரம்பட்டை போய் வாட்டில் பட்டை வந்தது. அப்புறம் குரோம். அப்புறம் தோல் கழிவில் பாலாறு கெட்டது. அதன் மேல் 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அதற்குத் தனி நோட்டு வேண்டும்.

திரும்ப ஓர்த்தா. அவர் பெற்றோர் யூதர்கள். 1492இல் ஸ்பெயினை விட்டுத் துரத்தப்பட்டவர்கள். இவர் வெளியே கிறிஸ்தவர்.

1568இல் படுக்கையில் இறந்தார். அடுத்த வருஷம் சகோதரி கத்தரீனாவைக் கோவா இன்குவிசிஷன், அதாவது கத்தோலிக்க மத விசாரணை மன்றம், எரித்தது. 1580இல் இவர் எலும்பையும் தோண்டியெடுத்து எரித்தார்கள்.

செத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து. கணக்கை விடுவதில்லை அவர்கள்.

புத்தகம் அதற்குள் கைமாறிவிட்டது. 1567இல் தாவரவியலாளர் க்ளூசியஸ் லத்தீனில் சுருக்கினார். பேச்சை எடுத்துவிட்டு வெறும் தகவலாக்கினார். ஐரோப்பா படித்தது அதைத்தான். பாதி உயிர் போன புத்தகம்.

முழுசாக வேண்டுமென்றால் 1913இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பைத் தேடுங்கள். செய்தவர் க்ளெமென்ட்ஸ் மார்க்கம். நீலகிரிக்குச் சின்கோனா கொண்டுவந்த அதே மார்க்கம்.